மாயக்கண்ணன் கையில் மூன்று சரம்

காரைக்குடியிலிருந்து சிங்கம்புணரிக்குப் போய்வரும் பஸ்ஸில் நான் கண்டக்டர், மாயக்கண்ணன் டிரைவர். அறுபதுகளின் நடுவில் தொடங்கி எழுபதுகள் முடிகிற வரைக்கும் அந்த ஒரே வண்டியில் இரண்டு பேரும் குப்பை கொட்டினோம். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், அப்போதுதான் எனக்கு வாய் வரும்.

அவனுக்கு நேரப் பைத்தியம். புறப்படும் நேரம் வந்துவிட்டால் கல்யாண வீட்டுக்காரர், இழவு வீட்டுக்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஒரு தடவை தேனம்மை ஆச்சி, மகள் வீட்டுக்குப் போகப் பலகாரத் தூக்கோடு வந்தார். ஒரு கை தூக்கில், ஒரு கை வண்டிக் கம்பியைப் பிடிக்க நீள்கிறது. அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். மறுநாள் ஆச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது யார்? நான்தான். டிரைவரை ஒருவரும் ஏசுவதில்லை. கண்டக்டர் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்.

"ஏப்பா, ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போனா குடியா முழுகிப் போகும்?" என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"முழுகித்தான போச்சு" என்றான்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. அவனுக்குச் சொந்த ஊர் நாச்சியாபுரம். அத்தையைக் காளையார்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அத்தைக்கு ஒரு மகள், பெயர் அம்மாக்கண்ணு. அது மாயக்கண்ணனுடைய அப்பத்தாவின் பெயர். அத்தை தன்னைப் பெற்றவளின் பெயரையே மகளுக்கு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குள் ஒரே பெயர் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். அத்தை மகள் என்றால் கேள்வியே இல்லை, அவனுக்குத்தான். அவனும் அப்படியே நம்பிக்கொண்டு, காளையார்கோவில் தேருக்குப் போன இடத்தில், பச்சை குத்துகிறவளிடம் வலது கையை நீட்டிவிட்டான். மணிக்கட்டைச் சுற்றி அம்மாக்கண்ணு. அதையும் சின்னதாகவா குத்தச் சொன்னான்? எதிர்த் தெருவில் நின்று படிக்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் ஒன்றரை விரல் உயரம். பரிசம் போடுவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்கிற அவசரக்குடுக்கை எங்கள் சீமையில்தான் பிறக்க முடியும்.

அடுத்த மாதம் அத்தையின் கடைக்குட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் மாயக்கண்ணனின் அப்பா. சீர்த்தட்டு, மாலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குடும்பமே மாட்டுவண்டியில் கிளம்பியது. பாதி வழியில் கடையாணி கழன்று சக்கரம் தனியாக ஓடிவிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது, நல்ல நேரம் தப்புகிறது என்று வேறொருவர் மடியில் உட்கார வைத்துக் காதைக் குத்தி முடித்திருந்தார்கள். அப்பா சீர்த்தட்டைக் கீழே வைத்தார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. அந்தப் பெண்ணை மேலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இவனுக்கு மிஞ்சியது மணிக்கட்டில் இருந்த பெயரும் இந்த நேரப் பைத்தியமும்தான்.

சில வருஷம் கழித்து, சிங்கம்புணரியில் வயல் வைத்திருந்த பெத்தன் என்ற சம்சாரியின் மகள் மலையம்மாளை அவனுக்குப் பேசினார்கள். பரிசத்தன்று தாம்பாளத்தை வாங்கக் கையை நீட்டினான். சட்டைக் கை மேலே ஏறியது. சபையே படித்துவிட்டது.

பெத்தன் நல்ல மனுஷர், ஆனால் ரோஷக்காரர். தாம்பாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, "இது யாரு பேரு மாப்பிள்ளை?" என்றார். மாயக்கண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டான். சுண்ணாம்பு வைத்துப் பொசுக்கினால் போய்விடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பெத்தன் கையமர்த்தினார்.

"பிள்ளை கையப் புண்ணாக்க வேணாம். மூடுனாப் போதும். எம் மக சோறு போடையில அந்தப் பேரு அவ கண்ணுல படக்கூடாது. நான் வெள்ளியில கைச்சங்கிலி செஞ்சு போடுறேன். மாப்பிள்ளை அதக் கழட்டக்கூடாது."

"கழட்டமாட்டேன் மாமா" என்றான். கல்யாணம் அந்தச் சொல்லில்தான் நிச்சயமானது.

கைச்சங்கிலி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று எங்கள் பஸ்ஸில் நடந்த பஞ்சாயத்தைக் கேட்டிருக்க வேண்டும். மெல்லிசாகப் போட்டால் பெண்பிள்ளை கொலுசைக் கழற்றி மாட்டிய மாதிரி இருக்கும் என்றார் ஒருவர். பட்டையாகப் போட்டால் போலீஸ் விலங்கு மாதிரி இருக்கும் என்றார் இன்னொருவர். டிக்கெட் வாங்க மறந்துபோய்ச் சண்டை போட்டார்கள்.

காரைக்குடியில் சொக்கு ஆசாரியின் பட்டறைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஆசாரி புளியங்கொட்டை அகலத்தில் கனத்த கண்ணிகள் கோத்த சங்கிலி ஒன்றை எடுத்து மாயக்கண்ணனின் மணிக்கட்டில் வைத்தார். எழுத்துகளின் நடுப்பகுதி மட்டும் மறைந்தது. பக்கத்தில் இன்னொரு சரம் வைத்தார். அப்போதும் கீழே எட்டிப் பார்த்தது. மூன்றாவதையும் சேர்த்து வைத்த பிறகு பெத்தன் குனிந்து இங்குட்டுப் பார்த்தார், அங்குட்டுப் பார்த்தார்.

"இப்பத்தான் சரி" என்றார்.

ஆசாரிக்கு மனசில்லை. "மூணு சரத்தையும் சேத்துப் பிணைச்சாக் கை அகலத்துக்குக் கப்புனு பிடிச்சுக்கிரும். காத்துப் போகாது, வேர்வை தங்கும். கைச்சங்கிலின்னா மணிக்கட்டுல கொஞ்சம் ஆடணுங்க. இவரு கைக்கு ஒரு சரந்தான் அளவு."

"ஆடுனாப் பேரு தெரியுமுல்ல?" என்றார் பெத்தன்.

ஆசாரி மாயக்கண்ணனைப் பார்த்தார். "மூணாவே போடுங்க" என்றான் அவன்.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சங்கிலி அவன் கைக்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சைகை காட்டினால் வெயிலில் பளீரென்று அடிக்கும். ரோட்டோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சனம், வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த மின்னலைப் பார்த்து எழுந்து மூட்டையைத் தூக்கும்.

மலையம்மாள் தினமும் மத்தியானம் நாச்சியாபுரம் நிறுத்தத்துக்குச் சோற்றுத் தூக்கோடு வருவாள். கட்டிய பெண்டாட்டியாயிற்றே, அரை நிமிஷம் கூட நிற்பானா? மாட்டான். நாலு பேர் இறங்கி ஏறுவதற்குள் அவள் தூக்கை நீட்ட வேண்டும். சில நாள் நகரும் வண்டியோடு ஓடிவந்து என்னிடம் தருவாள். "உங்க டிரைவருக்கு இன்னிக்கு உப்புக் கூடப் போட்டுருக்கேன், சொல்லிருங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே கத்துவாள். அவளைப் பிடிக்காதவர்கள் அந்த ரூட்டிலேயே கிடையாது. ஆனால் அந்த வீட்டில் அம்மாக்கண்ணு என்ற பெயரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் கேட்டதுமில்லை.

அவள் தலைப்பிரசவத்துக்குச் சிங்கம்புணரிக்குப் போனாள். கோடைக்காலம். இன்ஜின் சூடு, வெயில், வேர்வை. மாயக்கண்ணன் வலது பக்கம் இருக்கும் ரப்பர் ஹாரனை இடது கையால் குறுக்கே எட்டி அமுக்க ஆரம்பித்தான். ஏதோ சேட்டை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சங்கிலியின் ஓரமெல்லாம் தோல் வெந்து நீர் கோத்திருந்தது.

"கழட்டுடா" என்றேன்.

"மாட்டேன்."

"கை போயிரும்டா, மடப்பயலே! கையில்லாத டிரைவருக்கு யாரு வண்டி குடுப்பாக?"

"மலையம்மா மூஞ்சி வாடுறதுக்கு இது தேவல" என்றான். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அப்படி ஒரு முட்டாளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை, அவன்மேல் அன்றைக்கு வந்த பிரியமும் குறையவில்லை.

பெண் பிறந்தது. சில மாதத்தில் மலையம்மாள் பிள்ளையோடு நாச்சியாபுரத்துக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்கே வேலை முடிந்ததும் அவனோடு வீட்டுக்குப் போய், அவன் முறைக்க முறைக்க, போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். அவனை உட்கார வைத்துக் கொக்கியை விடுவித்தாள். ஒட்டிப்போயிருந்த சங்கிலியை வெந்நீர் விட்டு விட்டு மெதுவாக எடுத்தாள். அவன் கையை மறைக்கப் பார்த்தான், அவள் விடவில்லை. புண்ணுக்கு நடுவே அந்தப் பெயரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பெயருக்காக அழுகிறாள் என்று நான் பயந்துபோனேன்.

"இந்தப் பேரு என்னை ஒண்ணும் பண்ணலையே" என்றாள். "உங்களைத்தான இந்த வெள்ளி இந்தப் பாடு படுத்தியிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மாமாவுக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"கட்டிக்கிட்டது எங்க அப்பனையா, என்னையா?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக்கொண்டே அவள் கேட்டாள்: "இது உங்க அப்பத்தா பேருதான?"

"ஆமா."

அவள் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து இடுப்பில் பிள்ளையோடு எங்கள் வண்டியிலேயே காரைக்குடி வந்து, சொக்கு ஆசாரியின் முன்னால் சங்கிலியை வைத்தாள். "ரெண்டு சரத்தப் பிரிச்சு எடுத்துருங்க" என்றாள்.

"அகலம் குறைஞ்சாப் பேரு தெரியுமே ஆத்தா."

"தெரியட்டும். நல்லா ஆடட்டும். ஒரு சரம் இருந்தாப் போதும், அதப் பாத்துத்தான சனம் வண்டி வருதுன்னு எந்திரிக்குது" என்றவள், பிரித்த இரண்டு சரத்தைப் பற்றி ஆசாரியின் காதில் ஏதோ சொன்னாள்.

பெயர் வைக்கும் நாளில் நானும் போயிருந்தேன். பெத்தன் புதுத்துண்டு போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். புண் ஆறிய கையில் ஒற்றைச் சரம் ஆட, அதற்கு மேலும் கீழும் எழுத்துகள் தெரிய, மாயக்கண்ணன் கூனிக் குறுகி நின்றான். பெத்தன் பார்த்துவிட்டார். வாயைத் திறப்பதற்குள், பிள்ளைக்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டார்கள்.

"அவுக அப்பத்தா பேரு" என்றாள் மலையம்மாள். புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பெயரை அவள் சொல்லக்கூடாது.

பெத்தன் எழுந்துவிட்டார். "ஏத்தா, எந்தப் பேரு உன் கண்ணுல படக்கூடாதுன்னு வெள்ளியக் கொண்டு மூடுனேனோ, அதையே பெத்த பிள்ளைக்கு வைக்கிறியா?"

"அது இந்த வீட்டுப் பேருப்பா. அவுக அத்தை மகளுக்கும் இங்க இருந்துதான் போச்சு. அது எடுத்துக்கிருச்சுன்னு எம் மகளுக்கு இல்லையின்னு ஆயிருமா? இனிமே யாரு கேட்டாலும் அவுக கையில இருக்கிறது மக பேரு. அத எதுக்கு மூடணும்?"

பெத்தன் பேத்தியைக் குனிந்து பார்த்தார். அவர் போட்ட வெள்ளியில் பிரித்தெடுத்த இரண்டு சரமும் காலுக்கு ஒன்றாகக் கொலுசாகக் கிடந்தன. வெகு நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொக்கி பிள்ளையக் குத்தலயே?" என்றார்.

"இல்லப்பா."

தகப்பன் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். மாயக்கண்ணன் குனிந்தான். உதடு மூன்று தடவையும் அசைந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் பூட்டி வைத்த வாய், உடனே எப்படித் திறக்கும்? அதற்குப் பிறகும் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது, அப்போதும் பாப்பாதான்.

ஒருநாள் மத்தியானம் நாச்சியாபுரம் நிறுத்தத்தில் மலையம்மாள் தூக்கை என்னிடம் கொடுத்தாள். பிள்ளை தாயின் கையை விட்டுவிட்டு, தூரத்தில் புளியமரத்தடியில் குந்தி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தது. சனம் ஏறியாயிற்று. நான் விசிலை வாயில் வைத்தேன். திடீரென்று இன்ஜின் நின்றது.

மாயக்கண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். சரம் முழங்கைப் பக்கமாக ஏறிக்கொள்ள, பெயர் வெயிலில் முழுசாகத் தெரிந்தது.

"அம்மாக்கண்ணு!"

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பிள்ளை திரும்பவில்லை, அந்தப் பெயரில் அப்பா கூப்பிட்டுப் பழக்கம் இல்லையே. மறுபடியும் கூப்பிட்டான், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "அம்மாக்கண்ணு! இங்குட்டு வா ஆத்தா!"

பிள்ளை எழுந்தது. இரண்டு சரமும் காலில் சத்தம் போட அவனை நோக்கி ஓடிவந்தது. மலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் இறங்கிப் போய் மகளைத் தூக்கிக்கொண்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

முன்சீட்டில் தேனம்மை ஆச்சி உட்கார்ந்திருந்தார், அதே பலகாரத் தூக்கோடு. "என்ன கண்டக்டர், உங்க டிரைவருக்கு இன்னிக்கு நேரமாகலையாக்கும்?" என்றார்.

"இன்னும் ஆகல ஆச்சி" என்று சொல்லிவிட்டு, விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.