சப்பாத்தைக் கழற்றிய சோதனை

மின்சாரத்தைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்த மிதப்பில், எங்கள் தேயிலைத் தொழிற்சாலை மிஷின்களைச் சோதிக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவதையே சோதனை என்று நடத்தியும் வந்தேன்.

அரைத்த கொழுந்தைச் சலிக்கும் மிஷினில் நின்ற மாரியாயி ஒருநாள், “ஐயா, மிசினத் தொட்டா கூசுதுங்க” என்றாள்.

“மிஷின் என்ன புது மாப்பிள்ளையா, கூசுறதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் தொட்டேன். ஒன்றுமில்லை.

“வேல செய்யாட்டி இன்னைக்குப் பேரு இல்லன்னு டீமேக்கரய்யா சொல்றாருங்க” என்றாள். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அப்போதுதான் கவனித்தேன். அவள் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். நான் ஹட்டன் டவுனில் வாங்கிய ரப்பர் அடிச் சப்பாத்தில் நின்றேன்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபடி தொட்டேன். மின்சாரம் தோள்வரை ஏறி என்னைத் தள்ளிவிட்டது. எழுந்ததும் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

“யாரக் கேட்டு நிப்பாட்டுனீங்க?” என்று டீமேக்கர் ஓடி வந்தார்.

“சோதிக்கிறவன் நான். கரண்ட் கம்பி மாத்துற வரைக்கும் இது ஓடாது. இவங்க பேரையும் வெட்டக்கூடாது” என்றேன். குரல் நடுங்கியதற்கு மின்சாரம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி மாறியது. யார் பேரும் வெட்டப்படவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

அன்று வேலை முடிந்து போகும்போது மாரியாயி தயங்கி நின்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“ஐயா, அடுத்த வாட்டி சோதிக்கிறதுக்கு முன்னுக்கு, கால் நகத்தக் கொஞ்சம் வெட்டிக்கிட்டு வாங்க.”