கஞ்சி போட்ட தூசிப் பை

எங்கள் வீட்டில் முன்னறையில் தறி, பின்கட்டில் மரவேலை. தறி மருமகளுடையது. மரவேலை என் வீட்டுக்காரருடையது. முழங்கால் மடங்காமல் போய், தறிக்குழியில் கால் விட்டு உட்கார முடியாது என்று ஆன பிறகு அவர் பிடித்துக்கொண்ட தொழில் அது. பூஜை மாடம், மணை, கண்ணாடிச் சட்டம் எல்லாம் செய்வார். உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்குவது என் வேலை.

இழைப்புளியில் விழும் சீவலால் தொந்தரவில்லை, பெருக்கி அள்ளிவிடலாம். உப்புத்தாள் மிஷின் வாங்கிய பிறகுதான் வினை வந்தது. அதிலிருந்து கிளம்பும் தேக்குத் தூள் பறப்பது கண்ணுக்கே தெரியாது. நடை வழியாக முன்னறைக்குப் போய், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளான பாவின்மேல் உட்கார்ந்துவிடும். அப்போது தறியில் இருந்தது அரைவெள்ளைப் பாவு, முகூர்த்தப் புடவைக்கானது. கை ஈரம் பட்டால் அந்தத் தூள் பழுப்பாகக் கறை இறக்கும்.

ஒருநாள் மருமகள் பாவைத் தடவிய விரலை எங்கள் முன் நீட்டினாள்.

“மஞ்சா தூள் டப்பாவுல கைய வுட்டா மாதிரி இருக்குது பாருங்க மாமா. இந்தப் புடவை முடியட்டும். அடுத்த பாவு கூரத்துல எங்கம்மா வூட்லதான். அங்க எடம் சும்மா கெடக்குது.”

“தறிய அனுப்பிட்டு மரத்த வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது? நானே வுட்டுடறேன்” என்றார் அவர். சொன்னாரே தவிர, கையிலிருந்த உளியைக் கீழே வைக்கவில்லை.

இரண்டில் ஒன்று வீட்டை விட்டுப் போகவேண்டும் என்றாகிவிட்டது. எனக்கோ இரண்டும் வேண்டும்.

தெரிந்த ஆசாரி ஒருவர் தன்னுடைய பழைய தூசி மிஷினைக் கொடுத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு மோட்டார், அதன்மேல் தலையணை உறை போலப் பெரிய துணிப் பை. மோட்டார் தூளை இழுத்துப் பைக்குள் தள்ளும், காற்று மட்டும் துணி வழியாக வெளியே வரும். நான்கு நாளில் பை அழுக்காகிவிட்டது, நைசுத் தூள் துணியைத் தாண்டி வெளியேயும் வந்தது. கழற்றித் துவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். பாவுக்குக் கஞ்சி போட்டே பழகின கை இது. எங்கள் வீட்டில் எந்தத் துணியும் கஞ்சி இல்லாமல் கொடி ஏறாது. பைக்கும் நல்ல கெட்டிக் கஞ்சியாகப் போட்டு, விறைப்பாகக் காயவைத்து மாட்டிவிட்டேன்.

மிஷினைப் போட்டதும் பை பூரி மாதிரி உப்பியது. அரைமணி நேரம் ஓடியிருக்கும். காற்றுக்கு வழியில்லாமல் பையின் கழுத்து பிடுங்கிக்கொண்டு, உள்ளே இருந்த அத்தனை தூளும் எங்கள் தலையில் கொட்டியது.

“ஏம்மே, பைக்கு எதுக்குக் கஞ்சி? கல்யாணத்துக்குப் போவப் போவுதா?” என்றார், புருவமெல்லாம் தூளாக.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. எல்லாம் துணியின் நெசவில் இருக்கிறது. இளக்கமாக நெய்திருந்தால் தூள் தப்பிவிடும். அடைத்துக்கொண்டால் காற்றே போகாது. ஐந்தாவதோடு நின்றவள் நான். மோட்டார் கணக்கு தெரியாது, நெசவு தெரியும்.

புது மிஷின் வாங்கச் சென்னைக்குப் போனோம். போகும்போது மருமகளிடம் ஒரு பிடி வெள்ளைப் பட்டு நூல் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது ஆள் உயரத்தில், இரண்டு பை வைத்தது. ஒரு கூடை சீவலை ஒரே இழுப்பில் விழுங்கிற்று. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. கடையில் நான் வாய் திறக்கிற வழக்கமில்லை. அவர் காதோரம், “நூல காட்டிப் பாருங்க” என்றேன்.

“நீயே காட்டுமே.”

வேறு வழியில்லை. தண்ணீர் வாங்கி நூலை நனைத்து, பையின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆயா, அங்க நிக்காதீங்க, காத்து மூஞ்சில அடிக்கும்” என்றார் கடைக்காரர்.

“அந்தக் காத்துக்குத்தாம்பா நிக்கறேன். நல்லா நைசான தூளாப் போடு.”

போட்டார். நூல் பழுப்பாகிவிட்டது.

“இதெல்லாம் கண்ணுக்கே தெரியாத தூசி ஆயா.”

“எங்க வூட்ல அது பொடவையில தெரியும்பா.”

மூலையில் குடம் உயரத்துக்கு ஒன்று இருந்தது. அதற்குள் பைக்குப் பதிலாக, கொசுவம் கொசுவமாக மடித்து வட்டமாக்கிய கெட்டித் தாள். பார்த்ததுமே புரிந்தது. ஆறு கஜத்தை மடித்து இடுப்பில் செருகுகிற மாதிரி, கொஞ்ச இடத்தில் நிறைய அடக்கியிருக்கிறார்கள். நெருக்கமாக இருந்தாலும் அத்தனை மடிப்பு வழியாகவும் காற்று போய்விடும். வேறு நூல் நனைத்துப் பிடித்தேன். வெள்ளையாகவே இருந்தது.

“சீவலப் போட்டா ரெண்டே நாள்ல அடைச்சிக்கும்” என்றார் கடைக்காரர்.

“சீவலு அதுக்கு முன்னாடியே எங்கனா விழுந்துட்டா?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடி போட்ட டிரம் ஒன்றை எடுத்துவந்து நடுவில் மாட்டினார். காற்று டிரம்முக்குள் சுழன்றது. சீவல் அடியில் தங்க, நைசுத் தூள் மட்டும் தாளுக்குப் போயிற்று.

“மோட்டாரு அதுல பாதிகூட இல்லமே” என்று என் வீட்டுக்காரர் பெரியதையே பார்த்தார்.

“உங்களுக்கு மிஷின் பெரிசா வேணுமா, தறி வூட்ல வேணுமா?”

கடையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சின்னதையே கட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தூள் இழுக்கும் குழாயை நீளமாக வளைக்காமல், புது மிஷினை உப்புத்தாள் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். சத்தம் என்னவோ காதைப் பிய்க்கிறது, அதற்கு மருந்தில்லை. பாவுக்கு மேலே ஒரு ஈர்க்குச்சியில் வெள்ளை நூலைத் தொங்கவிட்டேன். எட்டு நாள் மரவேலையும் நடந்தது, தறியும் நடந்தது. எட்டாம் நாள் மருமகள் அந்த நூலை எடுத்து, விரலை நனைத்து உருவினாள். வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அம்மாவுக்குப் போன் போட்டு எடம் வேணாம்னு சொல்லிடறேன் அத்தை.”

நடையில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் காதில் விழாதது போல உள்ளே போய் மிஷினைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் மருமகள் கத்தினாள்:

“அந்தத் தாள மட்டும் தட்டி வைங்க, போதும்! தண்ணியில நனைச்சிடாதீங்க!”

“கஞ்சிப் பானைய எடுத்து மேல வச்சிட்டேன்மா” என்றேன்.