மாமாவின் கல்மரம்

மாமா கப்பலில் சோறு ஆக்குவதைவிடக் கதை ஆக்குவதே அதிகம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினோம். அம்மாவின் தம்பியான அவர் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் சமையல்காரர். லுக்குட் என்ற சிற்றூருக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்ட வீட்டுக்கு வருடத்தில் ஒருமுறை வருவார். எனக்கு ஒன்பது வயதானபோது, உள்ளங்கை அளவுக் கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தென்துருவத்தில் முன்பு காடு இருந்ததாம்; அங்கே நின்ற மரம்தான் இப்படிக் கல்லாகிவிட்டதாம். மீன்குழம்பில் மயங்கிய விஞ்ஞானி ஒருவர் அன்பளிப்பாகத் தந்தாராம்.

"பனியில காடா? அங்க யாரு மச்சான் மரம் வெட்டுனா, பெங்குவினா?" என்றார் அப்பா.

எங்கள் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. அதுதான் அப்பாவின் தொழில். மறுநாளிலிருந்து தம் பால்வெட்டுக் கத்தியை மாமாவின் கண்முன்னே அந்தக் கல்லில்தான் தீட்டினார். "தீட்டறதுக்கு நல்லாத்தான் இருக்குலா!"

முதல் நாள் மாமாவும் சிரித்தார். மூன்றாம் நாள் பையைக் கட்டினார். "நாளைக்குக் கெளம்புறேன்க்கா. பொய்யனுக்கு எதுக்கு இங்க சோறு? இனிமே வரல."

அவரைப் போகவிடக் கூடாது என்று தீர்மானித்தேன். மரமென்றால் எரியும், எரிந்தால் எல்லாரும் நம்புவார்கள். என் தர்க்கம் அவ்வளவுதான். அன்று மாலை வெந்நீர் அடுப்புக்குள் கல்லைத் தள்ளினேன். அது எரியவில்லை. பயந்துபோய் வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். படீரென்று இரண்டாகப் பிளந்தது.

என் அழுகை கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். அப்பா அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ ஒரு பாதியை எடுத்துக் குழாயடியில் கழுவி, பிளந்த பக்கத்தில் தெரிந்த வளையக் கோடுகளை நகத்தால் வருடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். மறுநடவுக்காகச் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகளை எத்தனையோ பார்த்தவர்.

"நம்ம மரத்துல கோடு இவ்ளோ தெளிவா விழாது. இது நல்லா வளந்திருக்கு, பட்டுன்னு நின்னிருக்கு, மறுபடி வளந்திருக்கு. ஏன் மச்சான், அங்க மழை நின்னு போயிருமா?"

"வெளிச்சமே நின்னு போயிரும். மாசக்கணக்கா ராத்திரிதான்."

அப்பா கோடுகளின்மேல் மறுபடியும் விரலை ஓட்டினார்.

"அப்போ இத்தன ராத்திரிய நின்னே தாண்டியிருக்கு. மரந்தான் மச்சான் இது. மரந்தான்."

மறுநாள் விடியலில் அப்பா பழைய சாணைக்கல்லிலேயே கத்தியைத் தீட்டினார். மாமா பையை அவிழ்த்து, மேலும் பத்து நாள் தங்கினார்.

அடி விழவில்லை என்ற நிம்மதி மட்டுமே எனக்கு அன்று இருந்தது. துருவக் காடுகளின் நீண்ட இருளைக் கல்மரத்தின் வளையங்களில்தான் அறிஞர்களும் வாசிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, நீலாய் நகரில் ஒரு நூலகத்தில் படித்தேன். பள்ளிக்கூடமே பார்க்காத அப்பா அதைக் குழாயடியில் நின்று படித்திருக்கிறார். மன்னிப்பு என்ற சொல்லை ஒருநாளும் சொல்லாதவர், அன்று அதையும் சேர்த்தே சொன்னார் என்பது புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

கல்லின் ஒரு பாதி என் மேசையில் இருக்கிறது. மறுபாதியை அம்மா சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அன்று குழாயடியில் அதைப் பார்த்தவர்களில் இப்போது அம்மாவும் நானும்தான் இருக்கிறோம்.