எழுபத்துமூன்று கட்டங்கள்

வாரன் க்ரீக் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் வியாழக்கிழமை நடக்கும் ஹவ்ஸி என்ற எண்சீட்டு ஆட்டத்துக்கு எண் கூப்பிடுபவள் எனிட் பர்செல். கூண்டைச் சுழற்றிப் பந்தை எடுத்து, "காலு ரெண்டு, பதினொண்ணு! வாத்து ரெண்டு, இருபத்திரண்டு! தொளதொள டவுசர், நாப்பத்துநாலு!" என்று எண்ணுக்கொரு பட்டப்பெயரோடு அவள் முழங்கினால் பீர் குடிப்பவர்கள்கூடக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டைப் பார்ப்பார்கள். யாராவது ஜெயித்ததாகக் கத்தினால், சீட்டை வாங்கி ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்க்காமல் பரிசைக் கொடுக்கமாட்டாள்.

எண்களில் இத்தனை கெட்டிக்காரியான எனிட்டுக்கு எழுத்து தெரியாது. ஒன்பது வயதில், தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதுவரை அதை ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்தாள். யார் என்ன தாளை நீட்டினாலும், "கண்ணாடியை மறந்துட்டேன் கண்ணு, நீயே படி" என்பாள். அந்த ஊரில் அதிகம் தொலைந்த பொருள் எனிட்டின் கண்ணாடிதான். உண்மை தெரிந்தவன் அவள் கணவன் க்ளாரி ஒருவனே. அங்கே ஓட்டுப் போடுவது என்றால் வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே உள்ள கட்டங்களில் விருப்ப வரிசைப்படி எண் எழுதுவது. தேர்தல்தோறும் முந்தின நாளே சமையலறை மேசையில் உட்காரவைத்து, எந்தக் கட்டத்தில் என்ன எண் என்று சொல்லிக்கொடுப்பான்.

1974 மே மாதம் க்ளாரி நெஞ்சில் நிலக்கரித் தூசியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற சட்டத்தை நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றி அனுப்ப, மேலவை திருப்பி அனுப்ப, மறுபடி அனுப்ப, மறுபடி திருப்ப, கடைசியில் இரண்டு அவைகளையும் கலைத்துத் தேர்தல் வைத்தார்கள். முட்டுக்கட்டை போட்டவர்கள் யாருக்கும் நுரையீரலில் தூசி கிடையாது.

"வாசல்ல நம்ம கட்சிக்கார மார்ஜ் மாதிரி ஓட்டு அட்டை குடுப்பா. அதுல எந்த எண்ணு எங்க இருக்கோ அப்படியே பார்த்து எழுதிடு, கிழவி" என்றான் க்ளாரி இருமிக்கொண்டே. "என் ஓட்டைத் தபால்ல போட்டாச்சு."

"எண்ணு எனக்குச் சொல்லித் தர்றியாக்கும்? நீ ஒழுங்காப் போட்டியான்னு பாரு."

"முப்பது வருஷமாச் சொல்லிக் குடுத்தவன்டி நான்."

சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் அவள் கைக்கு வந்த மேலவைத் தாள் சாப்பாட்டு மேசை விரிப்பைப் போல இருந்தது. பத்து இடங்களுக்கு எழுபத்துமூன்று வேட்பாளர்கள். அத்தனை பேருக்கும் ஒன்று முதல் எழுபத்துமூன்றுவரை வரிசையாக எண் போட வேண்டும். ஓர் எண் விட்டுப்போனாலோ இரண்டு தடவை வந்தாலோ போச்சு, தாள் குப்பைக்கு. சுரங்கத்தில் விரல் போனவனும் போன மாதம் குடியுரிமை வாங்கிய இத்தாலியனும் இதில் தடுமாறினால், ஏழைகளுக்கு ஓட்டின் அருமை தெரியவில்லை என்று பத்திரிகைக்காரன் எழுதுவான். இந்தத் தாளைத் தயாரித்த படித்தவனை எவனும் ஒரு வார்த்தை கேட்கமாட்டான்.

எனிட் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி எழுதினாள். ஹவ்ஸியில் எண்கள் தாறுமாறாக வரும். வரிசையாக வருவது அவள் நாக்குக்குப் புதிது. கடைசியாக மிஞ்சிய கட்டத்தில் அவள் எழுதிய எண் எழுபத்திரண்டு.

மன்றத்தில் செய்வதுபோல ஒன்றிலிருந்து கூப்பிட்டு விரலால் தேடினாள். நாற்பத்தாறு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். வாக்குச்சாவடி அதிகாரி ஹாலோவே, அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். அவர் முட்டுக்கட்டை போட்ட கட்சியின் ஆள் என்பது ஊரறிந்த சங்கதி.

"தப்பாயிடுச்சு சார். வேற தாள் வேணும்."

"கண்ணாடி கொண்டுவரலையா, மிசஸ் பர்செல்?" என்றார் மண்டபமே கேட்க. "பரவால்ல. யாருக்கு வேணும்னு சொல்லுங்க, நானே எழுதித் தர்றேன். சட்டத்துல இடம் இருக்கு."

தலையாட்டினால் போதும், ரகசியம் பிழைத்துவிடும். ஓட்டு அவர் பேனாவுக்குப் போய்விடும். எனிட் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் வியாழக்கிழமைக்காரர்கள்.

"கண்ணாடியே கிடையாது சார். எனக்குப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். தாளைக் குடுங்க."

ஹாலோவே பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதை நீட்டினார். பெட்டியில் தாளைப் போடப் போன சுரங்க மேஸ்திரி கெவ் பாதியில் நின்றான்.

"எனிட், தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கடைசி எண்ணைப் பாரு. எழுபத்துமூணு வந்திருக்கா?"

கெவ் மடிப்பைப் பிரித்தான். "எழுபது."

"மூணு பேரை எங்கப்பா தொலைச்சே?"

கொல்லென்று சிரிப்பு. இன்னும் நான்கு பேர் புதுத் தாளுக்கு வந்து நின்றார்கள்.

"அமைதி! இது வாக்குச்சாவடி, உங்க ஹவ்ஸி மன்றம் இல்ல!"

"மன்றமா இருந்தா இவ்வளவு பெரிய சீட்டு அச்சடிச்சவனைத் துரத்தியிருப்போம் சார்" என்று சொல்லிவிட்டு எனிட் மறுபடி எழுதப் போனாள். இந்தத் தடவை சத்தமாகவே எண்ணினாள். கடைசிக் கட்டத்தில் எழுபத்துமூன்று. மீண்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"என்ன கிழவி, அட்டையைப் பார்த்து எழுதினியா?"

"எழுதினேன். ஊர் முன்னால எனக்குப் படிக்கத் தெரியாதுன்னும் சொல்லிட்டேன்."

க்ளாரி அவள் கையைப் பிடித்தான். "யாராவது சிரிச்சாங்களா?"

"கெவ்வைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. அது கிடக்கட்டும், யோவ், தபால் ஓட்டுல கடைசிக் கட்டத்துல நீ என்ன எண்ணு போட்டே?"

க்ளாரி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எழுபத்துநாலு. ஒண்ணு விடாம!"

எனிட் போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

"அப்ப இந்தத் தடவை நம்ம வீட்டுல ஒரே ஓட்டுதான்யா. அது என்னோடது."