பச்சோந்திக்குப் பூசிய மஞ்சள்

சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் நான் துப்புரவு செய்த வீடுகளில் ஒன்றில் ஒரு கிழவரும் அவருடைய பச்சோந்தியும் குடியிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி. காலையில் ஓர் அலுவலகம், மதியம் அந்த வீடு, மாலையில் ஓர் உணவகத்தின் சமையலறை என்று ஓடிக்கொண்டிருந்தேன். பச்சோந்தியைக் கவனிக்க எனக்கு ஏது தெம்பு? ஆனால் அதன் கண்ணாடிக் கூட்டைத் துடைப்பதும் என் வேலைதான்.

கிழவருக்கு இரண்டு கண்ணும் மங்கிப்போயிருந்தன. இனிமேல் பச்சோந்திக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அவருடைய மகள் சொல்லிவிட்டாள். மனைவி போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசியது அந்தப் பிராணியோடு மட்டும்தான்.

ஒருநாள் துடைக்கும்போது பார்த்தேன். அதன் முதுகில் ஒரு திட்டுக் கருகிப் பொருக்குத் தட்டியிருந்தது. தோல் உரியும்போது வருகிற வெள்ளைச் செதில் இல்லை. அந்தச் செதிலை முன்பே கண்டிருக்கிறேன். கூட்டுக்குள் சூடு கொடுக்கிற விளக்கு, அது ஏறி இருக்கும் கிளைக்கு மிகக் கிட்டத் தொங்கியது. அடுப்பில் கை சுட்டால் நாங்கள் என்ன செய்வோம்? மறுநாள் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொண்டுபோய்ப் பூசிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன விசரோ? அது நிறத்தாலதான் தன்ரை வருத்தத்தைச் சொல்லுற சீவன். அதுக்குப் போய் மஞ்சளை அப்பியிருக்கிறாய்!"

"சுட்ட புண்ணுக்கு வேறை என்ன பூசுறது?"

"டொக்டரிட்டைக் கொண்டு போ."

கிழவரும் நானும் அதைப் பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் உப்புநீரால் கழுவிக் கழுவிப் பார்த்தார். மஞ்சள் போனால்தானே! புண் எதுவரை பரவியிருக்கிறது என்றே தெரியவில்லை என்று சலித்துக்கொண்டார். இனி எண்ணெய் பூசக்கூடாது, விளக்கை உயர்த்த வேண்டும், தினமும் கழுவிக் களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும், உடம்பு கறுத்தால் உடனே கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். என் ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

கிழவர் தினமும் கேட்பார், இன்றைக்கு என்ன நிறம் என்று. பச்சை என்பேன். ஒருநாள் அது கறுத்து, கண்ணை மூடிக் கிடந்தது. அன்றைக்கும் பச்சை என்றேன். மறுபடி வைத்தியரிடம் அலைய எனக்கு உடம்பில் வலு இல்லை.

"எனக்குப் பொய் சொல்லாதே," என்றார் கிழவர், என் குரலிலேயே கண்டுபிடித்து. "கறுப்பென்றால் கறுப்பென்று சொல். மகளுக்கு மட்டும் பச்சை என்று சொல்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றே கொண்டுபோனோம். வைத்தியர் ஊசி போட்டார்.

பொருக்கு உதிர்ந்து, சாம்பல் நிறத் தழும்பு ஒன்று மிஞ்சிய பிறகுதான் மகள் வந்தாள். வாசலில் வைத்தே அது என்ன நிறம் என்று என்னைக் கேட்டாள். பச்சை என்றேன். அன்றைக்கு அது உண்மையிலேயே பச்சைதான். அவள் நம்பாமல் குனிந்து, கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கிழவர் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். கடைசியில் அவள் அதை அங்கேயே விட்டுவிட்டு, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் அவர் அழுதார். நானும் தரை கூட்டும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர் ஏன் என்று கேட்டார். களைப்பு என்றேன்.