மருதமுனையில் மூன்று போத்தல் மூச்சு

இல்லை, கடல் பார்க்கப் போகவில்லை. சேறு எடுக்கப் போனேன். ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

இது மூன்றாவது முயற்சி. ஒட்சிசன் மிகக் குறைந்த அடிச்சேற்றில், நூல்போல் நீண்டு வாழும் ஒரு பாக்டீரியாவைத் தேடுகிறேன். முன்பு இரண்டு தடவை கொண்டுவந்த சேற்றில் அது உயிரோடு கிடைக்கவில்லை. இம்முறையும் கிடைக்காவிட்டால் ஆய்வுத் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர். எனக்கு மாற்ற விருப்பமில்லை. அந்த நூலுக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது.

இரத்தமே இல்லாத உயிருக்கு ஹீமோகுளோபின். நம் இரத்தத்தில் அது நான்கு புரதச் சங்கிலிகளின் கூட்டு. நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றி உடலெங்கும் இறக்குகிறது. இந்தப் பாக்டீரியாவில் இரண்டே சங்கிலிகள், இரண்டும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றும் சுருண்டு மடிந்து, உள்ளே ஒரு குழி. குழிக்குள் ஹீம் என்ற வளையம். வளையத்தின் நடுவில் ஓர் இரும்பணு. ஒட்சிசன் அரிதாகும்போது பாக்டீரியா இதை அதிகம் செய்துகொள்கிறது. கிடைக்கும் கொஞ்சத்தையும் இரும்பு பிடித்து, சுவாசம் நடக்கும் சவ்வின் பக்கம் கொடுத்துவிடுகிறது. வேறு சில பாக்டீரியாக்களில் இதன் உறவுப் புரதங்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற நஞ்சை முறிக்கின்றன. ஒரே இரும்பு, பல வேலை.

காலை 8.10க்கு மட்டக்களப்பில் பஸ். கல்முனைக்கு நாற்பது கிலோமீட்டர். மருதமுனை அதற்குச் சற்று முன்பே வரும். 9.25க்கு இறங்கினேன். வயற்பக்கம் போய்வர ஓட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேசினேன். ஓட்டியவர் றிஸ்வான், முப்பது வயதிருக்கும்.

மாட்டுப் பட்டியின் சாணித் தண்ணீர் வடியும் வாய்க்கால். முழங்கால்வரை இறங்கினேன். நான்கு போத்தல், விளிம்புவரை சேறு, இறுக்கிய மூடி. காற்றுக் குறைந்த இடத்துச் சேறு. காற்றுப் படாமலே போகட்டும் என்பது என் கணக்கு.

"இந்த ஊருக்கு வாறவங்க கைத்தறிச் சாறன் வாங்கிட்டுப் போவாங்க. நீங்க சாணிச் சேறு அள்ளுறீங்களே, தங்கச்சி!" என்றார் கரையில் நின்ற றிஸ்வான்.

"இதுக்குள்ள உயிர் இருக்கு, காக்கா." இந்த ஊரில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா.

"உசிர் எண்டா, மீனா?"

"மீனில்ல. கண்ணுக்கே தெரியாது."

"அப்ப அள்ளினதுக்குள்ள அது இரிக்கி எண்டு எப்பிடித் தெரியும்?"

நல்ல கேள்வி. நான்காவது போத்தலின் மூடியை இன்னும் இறுக்கினேன்.

11.40க்கு வேலை முடிந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றேன்.

"இண்டைக்கு ஜும்ஆ, தங்கச்சி. நான் பள்ளிக்குப் போகணும். ஒண்டரை மணி மட்டுக்கும் வேற ஓட்டோவும் கிடைக்கா."

வெள்ளிக்கிழமை என்று தெரிந்தே வந்தேன். ஜும்ஆத் தொழுகை நினைவுக்கு வரவில்லை. வெயில் கொளுத்தியது. ஆய்வுகூடம் நாலரைக்கு மூடப்படும்.

அவர் என்னைத் தன் வீட்டில் இறக்கி, "உள்ளுக்கு உசிர் இரிக்காம்" என்று மனைவி சிபானாவிடம் மூன்று போத்தல்களைக் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினார். நான்காவது என் பைக்குள் இருந்தது. சோறும் பாரைமீன் குழம்பும் வைத்தார் சிபானா. நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவ முற்றத்துக்கு வந்தால், மூன்று போத்தல்களும் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் கால்வாசிச் சேறு முருங்கையடியில் கொட்டப்பட்டு, வாயில் மெல்லிய கைத்தறித் துணி கட்டப்பட்டிருந்தது.

"ராத்தா! என்ன செஞ்சீங்க?"

"வெயிலுக்கு ஊதி வெடிச்சிரும்கா. போன கிழமை தேசிக்காய் ஊறுகாய் இப்பிடித்தான் சுவரெல்லாம் அடிச்சிச்சி. உசிர் இரிக்கி எண்டுதானே சொன்னீங்க? உசிர இறுக்கி மூடினா மூச்சு முட்டாதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சிரிப்பு.

"சாணித் தண்ணிக்கு அழுவுற புள்ளைய இண்டைக்குத்தான் காணுறன், அல்லாஹ்!"

பையில் மூடியபடி இருக்கும் நான்காவதை மட்டும் நம்பி 1.50 பஸ்ஸில் ஏறினேன். துணி கட்டிய மூன்றையும் மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. 3.20க்கு ஆய்வுகூடம்.

நான்காவதை முதலில் பார்த்தேன். நுணுக்குக்காட்டியில் இரண்டு மூன்று நூல்கள். அசைவில்லை.

பிறகு, இழப்பதற்கு எதுவுமில்லாமல், துணி கட்டியதில் ஒரு துளி. நிறமற்ற நீண்ட நூல்கள். ஒன்று மெதுவாக நழுவியது. இன்னொன்று. பிறகு கண்ணில் தெரிந்த வட்டம் முழுவதுமே நழுவியது. மற்ற இரண்டிலும் அதேதான். நான் தேடிய இனம்தானா என்பதை மரபணுச் சோதனை சொல்லும். ஆனால் உயிரோடிருக்கிறது.

அந்தப் பாக்டீரியாவுக்கு ஒட்சிசன் கட்டாயம். கொஞ்சம் போதும், ஆனால் வேண்டும். அதற்குத்தானே அந்த இரும்பு. குறைவு வேறு, இல்லாமை வேறு என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். முந்தைய இரண்டு தடவையும் விளிம்புவரை நிரப்பி, மூச்சை முட்டவைத்து, பஸ்ஸில் சாகடித்துக் கொண்டுவந்தது நானேதான். தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை என்றால் பதினொன்றரைக்கு முன் வேலையை முடியுங்கள், அல்லது ஒன்றரைக்குப் பின் தொடங்குங்கள். மாற்றுச் செருப்பு எடுத்துப்போங்கள். சேறு எடுப்பவர்கள் கால்வாசி இடம் விடுங்கள், மூடியைத் தளர்த்துங்கள்.

மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டினேன். தலைப்பு மாறவில்லை. போத்தல்களில் சிபானா 1, சிபானா 2, சிபானா 3 என்று எழுதி ஒட்டினேன். பிறகு கீழே போய்க் கால் கழுவினேன்.