தொண்ணூறு எம்.பி.யில் ஒரு கணினி லேப்

1. டீ முடிந்தது, திரை வரவில்லை

லேபில் இருந்த ஒரு கணினியில் புதிய லினக்ஸை ஏற்றினேன். லாகின் திரை வருவதற்குள் நானும் கமலாவும் டீ குடித்து முடித்துவிட்டோம். ஒருவழியாகத் திரை வந்தது, மவுஸ் நகரவில்லை.

தெற்குக் கல்கத்தாவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பள்ளி அது. அரசு நிறுவனமொன்றின் சிஸ்டம்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று லேக் கார்டன்ஸில் சும்மா இருந்த என்னைச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். கணினிகள் பழையவை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜி.பி. ரேம்.

"லினக்ஸ் ஃப்ரீதானே சார்? போட்டு ஓட வச்சுடுங்க" என்றார்.

கமலா அங்கே கம்ப்யூட்டர் டீச்சர். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை வங்காளத்தில் முடிப்பார்.

2. வேண்டாதவை

டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் தொகுப்பை, குறைப்பது என்றால், எது வேண்டாம் என்று முடிவு செய்வது. டெபியன் என்ற தொகுப்பின் அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டேன். முழு டெஸ்க்டாப்பைத் தூக்கிவிட்டு ஒரு சின்ன விண்டோ மேனேஜரைப் போட்டேன். ப்ளூடூத், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், யாருக்கும் தேவைப்படாத மொழிகளின் கோப்புகள் எல்லாம் போயின. தமிழையும் வங்காளத்தையும் தொடவில்லை. ரேமில் இருப்பதையே சுருக்கி வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தேன். மழைக்காலம் முடியும்போது, கணினி எழுந்து நின்றதும் free -m அடித்தால் ரேம் செலவு வெறும் தொண்ணூறு எம்.பி. என்று காட்டியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கமலாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

"சார், பிரவுசர்ல ரெண்டாவது டேப் திறந்தா ஹொச்சே நா. அப்படியே நின்னுடுது."

"பிரவுசர் நம்ம கையில இல்லம்மா. இப்ப வர்ற வெப்சைட் ஒண்ணே மொத்த ரேமையும் சாப்பிட்டுடும்."

"பசங்களுக்கு அதானே சார் வேணும்? அட்மிஷன் ஃபார்ம், மாக் டெஸ்ட் எல்லாம் அதுலதான்."

"இருக்கறத வச்சு ஓட்டறதுதாம்மா இந்த வேலையே."

3. டெமோ

கமிட்டி உறுப்பினர்கள் லேபுக்கு வந்தார்கள். டீ வந்து இறங்குவதற்குள் கணினி தயாராகிவிட்டது. வேர்ட் பிராசஸர், ஸ்பிரெட்ஷீட், ஒரு சி புரோகிராம் என்று ஓட்டிக் காட்டினேன். பிரவுசரை யாரும் கேட்கவில்லை.

"இது எவ்வளவு நாள் சார் ஓடும்?" என்றார் செயலாளர்.

"ஹார்டுவேர் சாகற வரைக்கும் ஓடும்."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இதைத்தான் குப்பையில போடச் சொன்னாங்க."

கை தட்டினார்கள். படியிறங்கும்போது கமலா என்னோடு வந்தார்.

"பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் புது கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தார் சார். ரெண்டு வருஷமா அவர் பின்னாலேயே அலைஞ்சு வாங்கின வார்த்தை. இன்னிக்குக் கமிட்டி வந்ததே அதை முடிவு பண்ணத்தான்."

"என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா."

"நீங்க கேக்கலையே சார். எவ்வளவு ரேம்னு மட்டும்தான் கேட்டீங்க."

நன்கொடையாளரிடம் செயலாளர் பேசிவிட்டார். கணினி வேண்டாம், ஆடிட்டோரியத்துக்கு ஏசி போட்டுக் கொடுங்கள் என்று. நான் செயலாளரிடம் போய், பிரவுசர் ஓடாது, புது மெஷின் அவசியம் என்று விளக்கினேன்.

"சாகற வரைக்கும் ஓடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ரொம்பத்தான் அடக்கம் உங்களுக்கு!" என்று சிரித்தார்.

அந்தக் குளிர்காலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் காளிகாட் மெட்ரோ பக்கத்து இன்டர்நெட் கடைக்குக் கமலா கூட்டிக்கொண்டு போனார். கடையில் நாற்காலிகள் குறைவு. பாதிப் பேர் வெளியே வரிசையில் நின்று, முறை வந்ததும் மாக் டெஸ்ட் எழுதினார்கள்.

4. பொன்னாடை

ஆண்டு விழாவில், அந்த ஆடிட்டோரியத்திலேயே, பள்ளிக்குச் செலவை மிச்சப்படுத்தியவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்தேன். முதல் வரிசையில் கமலா உட்கார்ந்திருந்தார்.

"கழட்டாதீங்க சார். ஏசி ஜாஸ்தி" என்றார்.

அடுத்த ஆண்டு அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

இப்போது யாராவது ஒரு சிஸ்டத்தைக் குறைத்துத் தரச் சொன்னால், இது போதவில்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் கேட்கிறேன். டெமோவில் அது செய்யாததைத்தான் முதலில் ஓட்டிக் காட்டுகிறேன். அந்த லேபுக்கு இந்தப் பாடத்தால் பயனில்லை. நான் வாக்குக் கொடுத்தபடியே, அங்கே இருக்கும் கணினிகளில் ஒன்றுகூட இன்னும் சாகவில்லை.